வலம் வரும் வயது

திருவண்ணாமலையில் பொழுது புலரும் முன்பே சாலை விழித்துவிடும். பௌர்ணமிதான் வேண்டுமென்பதில்லை, சாதாரண நாளிலும் கிரிவலப் பாதையில் ஆள் நடமாட்டம் உண்டு. மலையை வலப்பக்கம் வைத்து ஒரு மூதாட்டி வெறுங்காலோடு நடந்து வருகிறார். தோளில் துணிப்பை. ரமணாசிரமத்தைக் கடந்து எம லிங்கத்தின் முன் ஒரு கணம் நிற்கிறார். கைகூப்புகிறார். நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு மறுபடி நடக்கிறார்.

அதே சாலையில் இன்னொருவர் ஓடி வருகிறார். அறுபதைத் தாண்டியவர். நரைத்த தலை, முழங்காலில் இறுகிய பட்டை, மணிக்கட்டில் இதயத்துடிப்பைக் காட்டும் கடிகாரம். நெடுந்தூர டிரையத்லானுக்கு ஆயத்தமாகும் இப்படிப்பட்டவர்களை இன்று நம் ஊர்களிலும் பார்க்க முடிகிறது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் ஒரே நாளில், பெரும்பாலும் 17 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். 1978இல் ஹவாயில் இது அயர்ன்மேன் என்ற பெயரில் முதன்முதலாக நடந்தபோது புறப்பட்டவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். அண்ணாமலையைச் சுற்றும் பாதை 14 கிலோமீட்டர். அந்த அளவில் பார்த்தால், ஓட்டம் மட்டுமே மூன்று கிரிவலம்; மொத்தத் தூரம் பதினாறு கிரிவலத்துக்கும் மேலே போகிறது.

இந்த இருவரையும் பார்க்கும்போது நமக்குள் ஒரே கேள்விதான் எழுகிறது. இந்த வயதில் எதற்கு?

மூதாட்டியிடம் நாம் அதைக் கேட்பதில்லை. புண்ணியம், வேண்டுதல், பிரார்த்தனை என்று அவருக்காக நாமே விடை சொல்லிக்கொள்கிறோம். ஓடுகிறவரிடம் மட்டும் கேட்டுவிடுகிறோம். வீட்டில் மகளும் மகனும் கேட்கிறார்கள்: "அப்பா, இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" அந்தக் கேள்வியில் அன்பும் இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. அதற்கும் அடியில், பலன் கிடைக்காத உழைப்பு வீண் என்ற நம் எல்லோருடைய நம்பிக்கையும் இருக்கிறது. அந்த நம்பிக்கையைத்தான் நாம் நின்று ஆராய வேண்டும்.

உடலின் கணக்கில் ஒளிவுமறைவு கிடையாது. முப்பதுக்கு மேல், உடல் உயிர்வளியை வாங்கி உழைப்பாக மாற்றும் திறன் பத்தாண்டுக்கு ஏறத்தாழப் பத்து விழுக்காடு குறைகிறது. பயிற்சி அந்தச் சரிவைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்திவிடாது. தசை மெலிகிறது, ஒரு நாள் களைப்பு ஆற ஒரு நாள் போதாமல் போகிறது, தாகம்கூட நேரத்துக்குச் சொல்லி அனுப்புவதில்லை. இருபது வயதுக்காரன் இந்த ஆண்டு உழைத்தால் அடுத்த ஆண்டு முந்துவான். அறுபத்தைந்து வயதுக்காரர் இந்த ஆண்டு அவனைவிடக் கூடுதலாக உழைத்தாலும் அடுத்த ஆண்டு கொஞ்சம் பிந்தக்கூடும். தம்முடைய சிறந்த ஓட்டம் பின்னால் போய்விட்டது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் நாளை விடியலுக்குக் கடிகாரத்தில் மணி வைத்துவிட்டுத்தான் படுக்கிறார்.

அவரை எழுப்புவது எது?

ஹிரோமு இனாடா என்ற ஜப்பானியர் 1932இல் பிறந்தவர். அறுபதாவது வயதில், நோயுற்ற மனைவியைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டார். அந்த நாட்களில்தான் நீச்சலுக்குப் போகத் தொடங்கினார். முதல் டிரையத்லானில் இறங்கியபோது அவருக்கு எழுபது வயது. 2015இல் ஹவாய் உலகப் போட்டியில் கெடு நேரத்தைச் சில விநாடிகளில் தவறவிட்டார். நாள் முழுவதும் நீந்தி, மிதித்து, ஓடி வந்தவருக்குக் கணக்கில் எதுவும் மிஞ்சவில்லை. மறு ஆண்டு திரும்பி வந்து முடித்தார். 2018இல் எண்பத்தைந்தாவது வயதில் மீண்டும் முடித்தார். பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங், மகனை விபத்தில் பறிகொடுத்த துயரத்துக்குப் பிறகு ஓட்டத்தைப் பற்றிக்கொண்டவர். எண்பத்தொன்பது வயதில் லண்டன் மாரத்தானில் ஓடினார். அமெரிக்கக் கன்னியாஸ்திரீ மடோனா புடர் நாற்பத்தெட்டு வயதில் ஓடத் தொடங்கி, 2012இல் எண்பத்திரண்டு வயதில் அயர்ன்மேன் போட்டியை முடித்தார். ஓட்டமே அவருக்கு ஒரு பிரார்த்தனை முறை.

இவர்களில் எவரும் இளமையின் ஆசையிலிருந்து தொடங்கியவர்கள் அல்லர். ஒருவர் மனைவியின் படுக்கையருகே இருந்து எழுந்து வந்தார். ஒருவர் மகனின் சாவிலிருந்து. ஒருவர் தம் வழிபாட்டிலிருந்து. இளமையில் நாம் எதையாவது அடைவதற்காக உடலை வருத்துகிறோம். முதுமையில் பலர் எதையோ இழந்த பிறகு உடலிடம் திரும்பி வருகிறார்கள். அடைவதற்காகச் செய்கிறவனுக்குப் பயிற்சி ஒரு விலை. கொடுத்ததற்கு ஈடாகப் பொருள் கைக்கு வர வேண்டும், வராவிட்டால் ஏமாந்தோம் என்பான். இழந்த பிறகு செய்கிறவருக்கோ பேரம் பேச எதுவும் இல்லை. அன்றைய காலைப் பொழுதை முழுமையாக வாழ்வதற்கு அவருக்குக் கிடைத்த வழி அது. பலன் குறைந்துகொண்டே போகும் வேளையில் செயல் தன்னையே பலனாகக் கொள்ளக் கற்கிறது. நூல்கள் நமக்கு நெடுங்காலமாக உபதேசித்து வரும் பற்றற்ற செயலை, மூப்பு வேறு வழியே இல்லாமல் செய்து பழக வைக்கிறது.

இங்கேதான் அந்த மூதாட்டியும் இந்த ஓட்டக்காரரும் ஒரே பாதையில் சேர்கிறார்கள். கிரிவலத்துக்கு உச்சி கிடையாது. கூடவே மலை வருகிறது. ஆனால் நடக்கிறவர் அதன் மேல் ஏறுவதில்லை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறார். முந்தியவர் இல்லை, பிந்தியவர் இல்லை. நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல் மெல்ல அடியெடுத்து வைக்க வேண்டும் என்பது இந்த வலத்துக்கு வழிவழியாகச் சொல்லப்படும் முறை. வேகத்தைக் குறைப்பதே அங்கே ஒழுக்கம். நெடுந்தூரத்துக்கு ஆயத்தமாகிறவருடைய பயிற்சியிலும் பெரும்பகுதி, பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே போகக்கூடிய அந்த மெதுவான வேகத்தில்தான் கழிகிறது. முடிவுக்கோட்டை நோக்கி நேராகப் போவதாகத் தோன்றும் அவருடைய ஆண்டு, உள்ளிருந்து பார்த்தால் ஒரு வட்டம்: அதே விடியல், அதே சாலை, அதே மூச்சு; சுற்றி முடித்த இடத்தில் மறுநாள் மறுபடி தொடக்கம்.

ஆனால் இதில் ஒரு பெரிய ஆபத்தும் உண்டு. மூப்பை ஏற்க மறுக்கும் அகந்தை, சாதனை என்ற பெயரில் அதே சாலையில் ஓடக்கூடும். நெஞ்சில் ஒரு படபடப்பு வந்தால் அதை மருத்துவரிடம் சொல்லாமல் மறைப்பவர், முட்டி வீங்கிய பிறகும் அட்டவணையைக் காட்டி ஓடுகிறவர், தம் வலியை வீட்டாரின் கவலையாக மாற்றிவிட்டு அதற்கு உறுதி என்று பெயர் வைக்கிறவர் ஆகியோர் காலத்தோடு போர் தொடுத்தவர்கள். அந்தப் போரில் இதுவரை எவரும் வென்றதில்லை. இதற்கு மாறாக, 1926 வரை இதே மலையை வலம் வந்த ரமண மகரிஷி, பின்னாளில் முட்டிவலி வந்தபோது கைத்தடி ஊன்றிக்கொண்டார். ஆசிரமத்துக்குப் பின்புறம் மலைச்சரிவில் நெடுங்காலம் அன்றாடம் நடந்தார். பெரிய வலம் சிறிய நடையாயிற்று. நடந்தவரின் அமைதியில் எதுவும் குறையவில்லை. எதை விட வேண்டும், எதை விடக் கூடாது என்று பிரித்தறிவதுதான் முதிர்ச்சி. தூரத்தை விடலாம், ஒழுங்கை விட வேண்டியதில்லை.

முதியவர்களைப் பற்றி நம் காலம் இரண்டு பொய்களைச் சொல்கிறது. வயதாகிவிட்டது, மூலையில் உட்கார் என்பது ஒன்று. வயது வெறும் எண்தான், உங்களுக்கு வயதே ஆகவில்லை என்பது மற்றொன்று. முன்னது இழிவு, பின்னது புகழ்ச்சி என்று நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் இரண்டும் மூப்பைக் கண்டு முகம் திருப்பிக்கொள்கின்றன. வயது வெறும் எண்ணாக இருந்தால் எண்பத்தைந்து வயதில் இனாடா கடந்த கோட்டுக்கு என்ன பொருள்? அந்த உடல் அத்தனை ஆண்டுகளையும் சுமந்து வந்தது. சுமந்தபடியே கடலில் இறங்கியது. மூப்பு மெய், அதன் நடுவே முயற்சியும் மெய். ஒன்றைச் சொல்ல மற்றொன்றை மறைக்கத் தேவையில்லை.

ஆகவே "இந்த வயதில் எதற்கு" என்று நாம் கேட்கும்போது, கேட்பவர் எந்த வயதினராயினும், தம் வாழ்க்கையைப் பற்றியும் சேர்த்தே கேட்கிறார் என்பதை உணர வேண்டும். ஏனென்றால் நாம் கட்டும் வீடும், வளர்க்கும் பிள்ளைகளும், கற்கும் கல்வியும், பேணும் உடலும் எல்லாமே ஒரு நாள் நம் கையைவிட்டுப் போகும் என்று அறிந்துதான் அவற்றை அன்றாடம் செவ்வனே செய்கிறோம். நிலைக்கப் போவதில்லை என்பதற்காக ஒரு தாய் தலைவாருவதை நிறுத்துவதில்லை, ஒரு விவசாயி ஏரைக் கீழே போடுவதில்லை. இளமையில் இந்த உண்மையை வளர்ச்சி மறைத்து வைத்திருக்கிறது. நாளுக்கு நாள் கூடும் வலிமை, முயற்சியின் பொருள் வெற்றியில்தான் இருக்கிறது என்று நம்மை நம்பவைத்துவிடுகிறது. அந்த வலிமை இறங்கத் தொடங்கிய பிறகும் ஒருவர் அதே கவனத்தோடு, அதே மரியாதையோடு தம் உடலைப் பயிற்றுகிறபோது, முயற்சியின் பொருள் முன்பும் வெற்றியில் இருந்ததில்லை, கிடைத்த நாளுக்கு நாம் முழுமையாகப் பதில் சொல்வதில்தான் இருந்தது என்பது வெளிப்படுகிறது.

முடிவு இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு, முடிவுக்காக அல்லாமல் செய்கிற செயலே மனிதனுக்குக் கிடைக்கும் சுதந்திரம். அதை மலையைச் சுற்றி நடந்தும் பெறலாம், கடலில் இறங்கி நீந்தியும் பெறலாம். நம் வீட்டு முதியவர் ஒருவர் நாளை விடியலில் காலணி நாடாவைக் கட்டுவதைக் கண்டால், எதற்கு என்று கேட்பதை விட்டு, எவ்வளவு தூரம் என்று கேட்போம். முடிந்தால் நாமும் கொஞ்ச தூரம் உடன் போவோம். அந்த வயது நமக்கும் வரும். அதற்குள் இந்தப் பாடத்தைக் கற்றிருப்பது நல்லது.