ஆற்றோரம் எவருக்கு?

நகரத்து ஆறுகளின் கரைகளில் நடைபாதை அமைத்து, மரம் நட்டு, மக்கள் மாலையில் உலாவ வழிசெய்யும் திட்டங்கள் பெருகி வருகின்றன. சின்னமலைத் திருத்தலத்திற்குச் செல்வோர் அறிந்த அடையாற்றையே எடுத்துக்கொள்வோம். அதன் கழிமுகத்தில் 58 ஏக்கர் நிலம் சீரமைக்கப்பட்டு, 2011-இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. குப்பை கிடந்த இடத்திற்குப் பறவைகள் திரும்பின. நல்லதே. ஓய்வுநாளை ஏற்படுத்தியவர் ஆண்டவர். உலாவுதலை வீண்பொழுது எனப் பழிப்பது மறைநெறியன்று.

ஆயினும் நடப்பவருக்கும் ஆற்றுக்கும் இடையே ஒரு வழக்கு உண்டு. பாதை நீரை நெருங்க நெருங்க, சேற்றில் இரைதேடும் பறவை விலகிப்போகிறது. வயலை அறுக்கையில் ஓரத்துக் கதிரை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடுமாறு லேவியர் நூலின் 19-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. நிலம் அவனுடையதுதான், ஓரத்து விளைச்சல் அவனுடையதன்று. பொருளை உடைமையாக வைத்திருப்பது தனியொருவருக்கு முறையே என்றாலும், அதன் பயன் பொதுவானது என்று புனித தோமஸ் அக்குவினார் கற்பித்ததும் இவ்வழியில்தான். இதை ஆற்றங்கரைக்குப் பொருத்தினால், பாதை மேட்டிலேயே நின்றுவிட வேண்டும். சேறும் நாணலும் காண்பாரின்றிக் கிடக்க வேண்டும். காட்சிக்கு அது குறைவே.

அந்த ஓரத்தில் மனிதரும் குடியிருந்தனர் என்பதே இதனினும் கடினமான செய்தி. 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப்பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. வெள்ளம் புகும் இடத்தில் அவர்களை விட்டுவைப்பது அன்பாகாது, இதை மறுப்பதற்கில்லை. ஆனால் பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடுத்த தாழ்நிலம். அங்கும் மழைநீர் சூழ்கிறது. வீட்டுவேலைக்கும் கூலிவேலைக்கும் சென்ற தெருக்கள் எட்டாத் தொலைவாயின. அதே ஆற்றின்மீது பாலமிட்டு விமான ஓடுதளம் நீட்டப்பட்டிருக்கிறது. அதை யாரும் அகற்றவில்லை. ஆக்கிரமிப்பு என்னும் சொல் எளியவரின் கூரையையே முதலில் தேடிச் செல்வது ஏன்?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலின் 45-ஆம் பத்தியில், நகரங்களின் பாதுகாப்பான பகுதிகளில் பசுமை பேணப்படுவதையும், ஒதுக்கப்பட்டோர் வாழும் மறைவிடங்களில் அது இல்லாமற்போவதையும் சுட்டிக்காட்டுகிறார். காலை உலாவுக்கு நிழற்பாதை கேட்டு விண்ணப்பம் எழுதுவோரில் நம் பங்கு மக்களும் உண்டு. பெரும்பாக்கத்து மாடிகளின் நடுவே முதியோர் நடக்க ஒரு பாதை வேண்டுமென்று நம்முள் எவரேனும் எழுதியதுண்டா?