கோயிற் பொருள் யாருடையது?

கடவுளின்பொருட்டுக் கொடுக்கப்பட்ட பொருள் யாருடையது என்னும் வினா எல்லாச் சமயத்தார்க்கும் உரியது. கொடுத்தவன் அதனைத் தன்னதன்று என விட்டான். கடவுளோ ஒன்றும் வேண்டாதவர். ஆகவே அஃது இடைநின்று ஏற்பவன் கையிலே தங்குகின்றது. அவன் அதனை எவ்வாறு ஆளல்வேண்டும்? கிறிஸ்து சபையில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளை முன்வைத்து இதனை ஆராய்வாம்.

ஜேர்மனி தேசத்து லிம்பேர்க் நகரத்திலே தெபார்ட்ஸ் வான் எல்ஸ்ட் என்னும் மேற்றிராணியார் தமது வாசஸ்தலத்தையும் அதனைச் சார்ந்த கட்டடங்களையும் அமைப்பித்தார். 2013ஆம் ஆண்டில் அவற்றின் செலவு 310 இலட்சம் யூரோவரையில் உயர்ந்தது தெரியவந்தது. முதலில் மதிப்பிட்ட தொகையினும் அது பன்மடங்கு. இந்தியாவிலே வறியோர் நிலையைக் காணச் சென்றபோதும் அவர் விமானத்தில் முதல் வகுப்பிலே சென்றார். பாப்பரசர் பிரான்சிஸ் 2013 ஒக்டோபரில் அவரைத் தமது மேற்றிராசனத்தை விட்டு விலகியிருக்கச் செய்து, 2014 மார்ச்சில் அவர் பதவி துறந்தமையை ஏற்றனர். அப்பாப்பரசரோ, 2013இல் தெரிவுசெய்யப்பட்ட நாள் தொட்டு 2025இல் இறக்குமளவும் அரண்மனையை விடுத்து விருந்தினர் விடுதியொன்றிலே வாழ்ந்தவர்.

மற்றையது அமெரிக்காவில் நிகழ்ந்தது. அற்லாந்தா நகரத்து அதிமேற்றிராணியார் கிரெகரி என்பவருக்கு 22 இலட்சம் டொலர் செலவில் மாளிகையொன்று அமைந்தது. அப்பணம் ஒருவர் மரணசாசனத்தாற் சபைக்கு விட்ட கொடையினின்றும் வந்தது. அதுகண்ட சபையார் தங்கள் தலைவரிடத்தே முறையிட்டனர். அவர் 2014இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, அம்மாளிகையை விற்கவும் உடன்பட்டார். தவறினும் திருந்தியவரைப் பாராட்டுதல் கடனேயாம்.

இனி, சபைக்குச் செல்வம் இருத்தலே குற்றமோ எனின், அன்று. மிஷன் பாடசாலையிலே எழுத்தறிவு பெற்ற யாம், அச்செல்வம் பள்ளியாகவும் வைத்தியசாலையாகவும் பயன்பட்டதை மறுத்தல் நன்றிகேடாகும். அன்றியும், பொற்கலசத்தையும் சித்திரத்தேரையும் கண்டு கைகூப்பும் சைவர், ஆண்டவன் சந்நிதிக்கு அழகு கூடாது என்று எங்ஙனம் சொல்வர்?

ஆயினும் இங்கே ஒரு வேறுபாடுண்டு. தேர் வீதியில் வரும்போது கூலிக்காரனும் செல்வனும் அதனை ஒப்பக் காண்பர். கோபுரம் வீடற்றவனுக்கும் உரியது. குருமாரின் மாளிகையோ, கதவடைத்தபின் உள்ளிருப்பவருக்கே உரியது. முன்னையது கடவுண்மேல் வைத்த அன்பு. பின்னையது கடவுளின் பெயராற் றன்மேல் வைத்த அன்பு.

அவ்வழகுதானும் பசியின்முன் வழிவிடல் வேண்டும். நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரத்து மேற்றிராணியாராயிருந்த அம்புரோஸ் என்பவர், சிறைப்பட்டோரை மீட்கும்பொருட்டு ஆலயத்துத் திருப்பாத்திரங்களை உருக்கினர். குறைகூறினோர்க்கு, பொன்னைக் காத்தலினும் உயிரைக் காத்தலே சபைக்குத் தகும் என விடையிறுத்தனர். வறுமையுற்ற காலத்திலும் விதைத்த நெல்லை வாரிவந்து அடியவரை உண்பித்த இளையான்குடிமாற நாயனாரை வணங்கும் எமக்கு இவ்வுண்மை புதிதன்று. அடியார்க்கு ஈந்தது ஆண்டவனைச் சேரும் என்பது திருமூலநாயனார் துணிபுமாம்.

அன்பர்களே, பிறர் குற்றம் தூற்றுதற்காக யாம் இதனை எழுதவில்லை. அற்லாந்தாவிலே அடியார் வினாவினர், தலைவர் செவிசாய்த்தனர். எம்மிடத்தே அத்துணிவும் அப்பணிவும் உளவா? யாழ்ப்பாணத்திலே பரம்பரையாகச் சில குடும்பத்தார் ஆளும் கோயில்கள் பல. அவற்றுட் கணக்கைக் கேட்பவன் பகைவனாக எண்ணப்படுவதில்லையா? சிவன் சொத்துக் குலநாசம் என்னும் பழமொழியைப் பிறர்க்கு எடுத்தோதும் யாம், திருவிழாவிலே வாணவேடிக்கைக்கு வாரியிறைத்த இரவிற் கோயில்வாயிலிற் பசித்துக் கிடந்தவனை நினைந்தோமா?

நல்வழி காட்டியோர் எம்மிடையே இல்லாமலில்லை. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் கோயிலதிகாரிகளின் பிழைகளை அஞ்சாது கண்டித்தனர். அவர் காலத்துப் பஞ்சத்திலே கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளின் பசியையும் தீர்த்தனர். கண்டித்த வாயும் கொடுத்த கையும் ஒருவருடையனவாயிருந்தமையே அவர் பெருமை. தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் அன்னதானக் கந்தன் எனப் பெயர்பெற்றதும், அங்குள்ள மடங்களில் வந்தவர்க்கெல்லாம் சோறிடும் தருமத்தாலன்றோ?

ஆதலாற் சமயப் பொருளை ஆள்வோர் மூன்றினைக் கைக்கொள்க. கொடுத்த ஏழையினும் சுகமாகத் தாம் வாழ விரும்பாதிருத்தல் ஒன்று. கேட்குமுன்னரே கணக்கை அடியார்முன் வைத்தல் ஒன்று. ஆடம்பரத்துக்கு முன் பசித்தவன் பங்கை எடுத்துவைத்தல் ஒன்று. இவற்றை முதலில் எம் கோயில்களிலே நிறைவேற்றுவோமாக. அதன்பின்னரே அயலார் மாளிகையைக் குறித்துப் பேசும் உரிமை எமக்கு உண்டாகும். அதற்குச் சிவபெருமான் றிருவருள் துணைநிற்பதாக.