கருப்பு பம்பர் வைத்த கார்

இங்கிலாந்தில் ஐந்தாறாயிரம் பவுண்டை எடுத்துக்கொண்டு போனால், எட்டுப் பத்து வருஷம் ஓடிய ஒரு சின்னக் கார் கிடைக்கும். அதே பணத்துக்கு நீண்ட பானெட், இரட்டைக் கார்புரேட்டர், பின்னால் சரிந்திறங்கும் கூரை என்று 1970களின் எம்ஜிபி ஜிடி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றும் கிடைக்கும். வண்டிக்கு நாற்பது வயது தாண்டிவிட்டால் சாலை வரி இல்லை. நம்மூர் எஃப்.சி. போல வருஷா வருஷம் செய்யவேண்டிய எம்ஓடி சோதனையும், பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டியாக இருந்தால், 2018 மே மாதத்திலிருந்து கட்டாயமில்லை. லண்டனுக்குள் பழைய வண்டிகளிடம் வாங்கும் மாசுக் கட்டணத்திலிருந்தும் விலக்கு. வருஷத்துக்கு இத்தனை மைல்தான் ஓட்டுவேன் என்று எழுதிக்கொடுத்தால் இன்ஷூரன்ஸும் கையைக் கடிக்காது. கணக்கில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனாலும் இங்கே நான் அறிந்த தமிழ்க் குடும்பங்களில் யாரும் இப்படியொன்றை வாங்கிப் பார்த்ததில்லை. தடுப்பது பணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேலை விசாவில் வந்தவர்கள் ஒரு பொருளை வாங்கும்போதே அதை விற்கும் நாளையும் நினைத்துக்கொள்கிறோம். சோபா கழற்றி மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும். கார் எல்லாருக்கும் பிடித்த நிறத்தில், எல்லாரும் வாங்கும் கம்பெனியில் இருக்க வேண்டும். சுவரில் ஆணி அடிப்பதற்குக்கூட யோசனை. "ஐஎல்ஆர் வரட்டும், பார்க்கலாம்" என்பதுதான் எங்கள் வீடுகளில் அதிகம் கேட்கும் வாக்கியம். நிரந்தரமாகத் தங்கும் அந்த அனுமதிக்கு வேலை விசாக்காரர்கள் ஐந்து வருஷம் காத்திருந்தார்கள். 2025இல் அதைப் பத்தாக்கும் யோசனையை அரசு முன்வைத்தது. வாழத் தொடங்கும் தேதியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டால் அவர் அதைத் தள்ளிவைக்கத்தான் செய்வார். இதற்கு அரசை மட்டும் குறை சொல்லமாட்டேன். ஐஎல்ஆர் வந்தபின் பாஸ்போர்ட், அதன்பின் பிள்ளையின் பள்ளி, அதன்பின் ஊரில் வீடு என்று அந்தத் தேதியைத் தாங்களே தள்ளிக்கொண்டு போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்காது. ஊருக்குக் கொண்டுபோவதும் எளிதல்ல: பயன்படுத்திய கார் என்றால், தயாராகி மூன்று வருஷத்துக்கு மேற்பட்டதை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யப் பொதுவாக வழியில்லை. அவசரத்தில் விற்கவும் முடியாது. அதற்கென்று ஒரு ஆள் வரவேண்டும். அதன்மேல் போடும் பணம் முழுதாகத் திரும்பாது. இங்கே இருக்கும்வரைதான் அது நம்முடையது. எனக்கு அது வேண்டும் என்று தோன்றியதற்கும் இதுதான் காரணம்.

நான் வாங்கியது ரப்பர் பம்பர் வண்டி. எம்ஜிபி பிரியர்களிடம் இதைச் சொன்னால் முகத்தில் ஒரு சிறு அனுதாபம் தெரியும். 1962இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே ஆபிங்டனில் இந்தக் காரைச் செய்யத் தொடங்கியபோது மெல்லிய குரோம் பம்பர் வைத்திருந்தார்கள். 1965இல் வந்த ஜிடியின் கூரையில் இத்தாலியின் பினின்ஃபரினா கைவைத்தது. இந்த வண்டிகள் இங்கிலாந்துக்காக மட்டும் செய்தவையல்ல. பெரும்பங்கு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனது. அங்கே 1970களில் புதுச் சட்டங்கள் வந்தன: மெதுவான மோதலில் காருக்குச் சேதம் வரக்கூடாது, பம்பர் இந்த உயரத்தில்தான் இருக்க வேண்டும். அதற்காகப் புது வண்டியை வடிவமைக்க அன்றைய பிரிட்டிஷ் லேலண்டிடம் பணமில்லை. 1974இன் பிற்பகுதியில் முன்னும் பின்னும் பெரிய கருப்பு பம்பர்களை வைத்து, வண்டியைச் சற்றே தூக்கிவிட்டார்கள். தூக்கியதால் வளைவுகளில் சாய்ந்தது. அமெரிக்கச் சட்டத்துக்காகச் செய்த மாற்றம்தான், ஆனால் இரண்டு விதமாகச் செய்தால் செலவு என்று உள்ளூர்க்காரனுக்கும் அதையே விற்றார்கள். 1980 அக்டோபரில் ஆபிங்டன் ஆலையை மூடும்வரை அப்படியே போனது. எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள்.

இன்று குரோம் பம்பர் வண்டியின் விலை ஒரு படி மேலே. கூரை திறக்கும் ரோட்ஸ்டர் இன்னும் மேலே. கருப்பு பம்பர் ஜிடிதான் வரிசையில் கடைசி. பலர் இதை வாங்கி, பம்பரைக் கழற்றி, உயரத்தைக் குறைத்து, பழைய முகத்தை ஒட்டவைக்கிறார்கள். எனக்கு அந்த ஆசை வரவில்லை. அயல்நாட்டின் விதிக்காகத் தன்னை மாற்றிக்கொண்ட வண்டி, அந்த மாற்றத்தோடே இருக்கட்டும். மலிவாகக் கிடைத்ததை நியாயப்படுத்துகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். அதிலும் உண்மை இருக்கிறது.

வேகத்தை எதிர்பார்த்து இதை வாங்கக்கூடாது. மணிக்கு 60 மைலைத் தொட 12 விநாடிக்கு மேல் ஆகும். பக்கத்துவீட்டு அம்மாவின் மின்சாரக் கார் சிக்னலிலேயே தாண்டிப் போய்விடும். ஆனால் தரையை ஒட்டி உட்கார்ந்து, நாமே கியரைத் தேடிப் போட்டு, நான்கு சிலிண்டரின் சத்தத்தைக் காலடியில் கேட்டுக்கொண்டு போகும்போது 40 மைலே வேகம்தான். லைசென்ஸுக்கும் ஆபத்தில்லை.

அந்தச் சத்தத்தைப் பற்றி என் மாமாவிடம்தான் கேட்க வேண்டும். காரைக்குடியில் வெகுகாலம் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டியவர். வீடியோ காலில் காரைக் காட்டியபோது, "எம்ஜியா? ஹெக்டரு மாதிரி இல்லையே" என்றார். நியாயமான சந்தேகம். அந்த எண்கோண முத்திரை இப்போது சீன நிறுவனமான எஸ்ஏஐசியின் கையில் இருக்கிறது. ஊரில் எம்ஜி என்றால் 2019இலிருந்து வந்த ஹெக்டர் போன்ற கார்கள்தான். பேச்சு நீளாமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாப்ள, இது நம்ம அம்பாசிடர்ல?" என்றார்.

அது வெறும் பிரமை அல்ல. அம்பாசிடரின் மூலம் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ். அதைச் செய்த கௌலி, ஆபிங்டனிலிருந்து சில மைல் தூரம். பழைய பெட்ரோல் அம்பாசிடரில் இருந்த 1489 சிசி இன்ஜினும் எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜினும் பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பம். ஒன்று வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014வரை தயாரான காரில் உழைத்தது, இன்னொன்று கலிஃபோர்னியாவுக்குப் போனது. மாமா அன்றே வேலையைத் தொடங்கிவிட்டார். "சோக்கை முழுசா இழு. ஆக்ஸிலேட்டர மிதிக்காத. ஸ்டார்ட் ஆனதும் பாதி உள்ள தள்ளு. ஐட்லிங் ஏத்தி வச்சிருக்கான் பாரு, ஸ்க்ரூவ கால் சுத்து கொறை." நலம் விசாரிப்பதோடு முடிந்துவிடும் எங்கள் பேச்சு இப்போதெல்லாம் அரைமணிநேரம் ஓடுகிறது. ஊரோடு இருந்த ஒட்டு இந்த இங்கிலீஷ் காரால் பலப்படும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இன்ஜினைப் பார்த்து மயங்க வேண்டாம். அதை எப்படியும் சரிசெய்துவிடலாம், உதிரிபாகம் எதற்கும் தட்டுப்பாடில்லை. பார்க்கவேண்டியது துரு. குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமலிருக்க இங்கே கல்லுப்பு தூவுவார்கள். அந்த உப்புத்தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பகுதிக்குள் புகுந்து உள்ளிருந்து அரிக்கும். எம்ஜிபிக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது, அந்தச் சில்தான் முதுகெலும்பு. வெளியே பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்தியிருப்பார்கள். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். இரும்பு இருக்கும் இடத்தில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. வறண்ட அமெரிக்க மாநிலங்களிலிருந்து திரும்பிவந்த வண்டிகளுக்கு இங்கே மதிப்பு இருப்பது இதனால்தான். பெட்ரோலைப் பொறுத்தவரை, 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம்வரை எத்தனால் கலக்கிறார்கள், பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது. ஐந்து சதவீதக் கலப்புள்ள விலை கூடிய பெட்ரோலைப் போடுவதே நல்லது.

அப்படிப் பெட்ரோல் போடும்போதுதான் ஒருமுறை வயதான ஆங்கிலேயர் ஒருவர் அருகே வந்தார். பல வருஷமாக இங்கே அறிமுகமில்லாதவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த ஊர் என்பதுதான். அவர் கேட்டது, எந்த வருஷம். காரைத்தான். ஓவர்டிரைவ் இருக்கிறதா என்று அடுத்து கேட்டார். தானும் இளவயதில் ஒன்று வைத்திருந்ததாகவும், பிள்ளை பிறந்ததும் விற்றதாகவும் சொன்னார். வேறொன்றும் பேசவில்லை. பிறகு வீட்டுக்கு வந்து வண்டியின் லாக் புக்கை எடுத்துப் பார்த்தேன். எனக்கு முன் வைத்திருந்தவர்களின் எண்ணிக்கை அதில் இருக்கும். இந்தப் பத்திரம் உடைமைக்குச் சான்றல்ல என்றும் அதிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். வண்டி யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் பெயர்தான் பதிவாகிறது. அந்த வரிசையில் நானும் ஒருவன், எனக்குப் பின்னும் ஒருவர் வருவார். விசா முடியும் தேதியை நினைத்தால் வரும் பதற்றம் இந்த நினைப்பில் வருவதில்லை.

மனைவிக்கு இதில் உடன்பாடில்லை. அவள் வாதத்தில் ஓட்டை எதுவும் எனக்கு அகப்படவில்லை. "பிள்ளைய எங்க உக்கார வைப்பீங்க?" ஜிடியின் பின்சீட்டு ஒரு பலகை; ஏர்பேக் கிடையாது. இதையே ஒரே காராக வைத்திருக்க முடியாது, இன்னொன்று வேண்டும். அந்தப் பணத்துக்கு ஊரில் அப்பாவின் பல் வைத்தியமும் வீட்டுக்கு வெள்ளையடிப்பும் முடிந்திருக்கும் என்பதும் சரி. பல் வைத்தியத்துக்குத் தனியே பணம் அனுப்பினேன். வெள்ளையடிப்பு பொங்கலுக்குத் தள்ளிப்போயிருக்கிறது. வசதியில்லாமல் ஊருக்கு அனுப்பவேண்டியதைத் தொட்டு இதை வாங்குகிறவருக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் வசதி இருந்தும், மனதுக்குப் பிடித்தும், "இங்கே எத்தனை நாள் இருக்கப்போகிறோமோ" என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிப்போடுகிறவரிடம், அந்தக் காரணத்துக்காகவே வாங்குங்கள் என்பேன். காராகத்தான் இருக்கவேண்டும் என்றும் இல்லை. தோட்டத்தில் காய்ப்பதற்கு நாலைந்து வருஷம் எடுக்கும் ஆப்பிள் கன்று வைத்தாலும் சரிதான்.

போன வாரம் அவளாகவே, ஜூனில் பிள்ளையை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வேல்ஸ்வரை இதில் போகலாமா என்று கேட்டாள். போகலாம் என்றேன். மாமாவோ, அத்தனை தூரத்துக்கு முன் ஃபேன் பெல்ட்டையும் ரேடியேட்டர் ஹோஸையும் மாற்றாமல் வண்டியை எடுக்கக்கூடாது என்கிறார். பழைய பெல்ட்டைத் தூக்கிப்போடாமல் டிக்கியில் வைத்துக்கொள்ளவேண்டுமாம்.