துருவும் மெருகும்

பழைய பொருளைப் போற்றுவது அறிவுடைமையா, அடிமைத்தனமா? கோயில், சடங்கு, குலவழக்கம் ஆகியவற்றைக் குறித்து இவ்வினாவை நம்மவர் பலமுறை எழுப்பியிருக்கின்றனர். நான் இன்று இதனை ஒரு மோட்டார் வண்டியைக் குறித்து எழுப்ப விரும்புகிறேன். மோட்டார் வண்டிக்கும் அறத்துக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். முழுவதும் படித்த பின்னர் நகைப்பதா இல்லையா என்பதை அவர்களே தீர்மானிப்பார்களாக.

கோலாலம்பூரிலும் அதனைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைத் தேடி வாங்கிப் புதுப்பித்து ஓட்டுவோர் எல்லா இனத்தாரிலும் உளர். எம்.ஜி., டிரையம்ப், ஆஸ்டின் ஹீலி, ஜாகுவார் என்னும் பெயர்களைக் கேட்டாலே அவர்கள் முகம் மலரும். மலேசியா சிங்கப்பூர் விண்டேஜ் கார் ரெஜிஸ்டர் என்னும் பெயரால் பழங்கார் அன்பர்களுக்குச் சங்கமும் உண்டு. ஒரு காலத்தில் இத்தகைய வண்டிகளில் அமர்ந்து சென்றவர் பெரும்பாலும் தோட்டத் துரைமாரும், அரசாங்க உத்தியோகஸ்தரும், செல்வ வணிகருமே ஆவர். அவ்வண்டிகளைக் கண்டு வழியோரம் ஒதுங்கி நின்றவர் யார் என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நான் ஒரு தோட்டத்துக் கிராணி. என் தாத்தா பால்மரம் வெட்டியவர். சில ஆண்டுகளுக்கு முன், பழைய துரை பங்களாவின் பின்புறக் கொட்டகையில், 1965-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட எம்.ஜி.பி. வண்டியொன்று கோழிகளுக்குக் கூடாகக் கிடந்தது. பழைய இரும்பு வியாபாரிக்குப் போகவிருந்த அதனை, பிரிக்பீல்ட்ஸில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவரும் நானும் பணம் கூட்டி வாங்கினோம். நண்பரின் தந்தையார் செந்தூல் ரயில்வே பட்டறையில் உழைத்தவர். இரும்பின் குணமறிதல் அவர்களுக்குக் குடும்பச் சொத்து. ஆங்கிலவழி கற்ற நான் ஆங்கிலக் கையேட்டை வாசித்துத் தமிழில் சொல்வேன். அவர் கை வேலை செய்யும். மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இவ்வாறே கழிந்தன.

எம்.ஜி.பி. என்பது ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள அபிங்டன் நகரத்துத் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்ட வண்டி. 1980 அக்டோபரில் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. அதற்கு முந்திய எம்.ஜி. வண்டிகள் பலவற்றில் பாரம் தாங்கும் இரும்புச் சட்டம் தனியே இருக்கும். உடல் அதன்மேல் அமரும். எம்.ஜி.பி.யிலோ தகட்டு உடலே பாரத்தைத் தாங்குகிறது. திறந்த வண்டிக்கு மேற்கூரையின் துணையும் இல்லையாதலால், அப்பாரத்தின் பெரும்பகுதி கதவுகளுக்குக் கீழே ஓடும் இரண்டு தகட்டு விட்டங்களின்மேல் விழுகிறது. பட்டறைக்காரர் அதனைச் 'சில்' என்பர். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என மூன்றும் சேர்ந்த நீண்ட பெட்டி போன்றது அது. மழைநீர் உள்ளே புகுந்து தங்கினால், வெளியே தெரியாமல் உள்ளிருந்தே துரு தின்னும். நம் நாட்டு மழை அதற்கு எவ்வளவு உதவும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

எங்கள் வண்டியின் சில் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. சுத்தியலால் தட்டிய நண்பர் ஓசையைக் கேட்டு முகம் சுளித்தார். வெட்டித் திறந்தோம். என்றோ ஒருநாள் எவரோ ஒரு பட்டறைக்காரர், உளுத்த விட்டத்தை அப்படியே விட்டு, அதன்மேல் புதுத் தகட்டைப் போர்த்தி, பட்டி பூசி, வண்ணம் அடித்திருந்தார். மெருகு இருந்தது, வலிமை இல்லை. அத்தகைய வண்டி நடுவில் தொய்ந்து, கதவுகள் பொருந்தாமற் போகும். விபத்து நேரின் உள்ளிருப்பவர் கதி என்ன?

முறையான வேலையோ நீண்டது. உடல் வளைந்துவிடாதபடி கதவு வாயிலின் குறுக்கே இரும்புச் சட்டம் பற்றவைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். நல்ல இரும்பு வரும்வரை துருவை வெட்டியெடுக்க வேண்டும். கதவை மாட்டி, இடைவெளி பார்த்து, கழற்றி, மறுபடியும் மாட்டிப் பார்த்துப் புதிய தகடுகளை ஒவ்வொன்றாகப் பற்றவைக்க வேண்டும். இவ்வளவும் செய்து வண்ணம் பூசிய பின்னர், அவ்வேலை ஒருவர் கண்ணுக்கும் தெரியாது.

பழைய பொருளில் நாம் உண்மையில் எதனைக் காக்கிறோம் என்னும் கேள்வி அப்போதே எழுந்தது. தீசியஸ் என்னும் வீரனின் மரக்கலத்தை ஆதென்ஸ் நகரத்தார் நெடுங்காலம் காத்து, உளுத்த பலகைதோறும் புதுப்பலகை வைத்து வந்தனர் என்றும், அது அதே கலமா, வேறு கலமா என்று தத்துவஞானிகள் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். எம்.ஜி.பி. வண்டிக்கு இவ்வாதம் ஏட்டளவில் நிற்பதன்று. 1988 முதல் இங்கிலாந்தில் இவ்வண்டியின் முழு உடலையே புதிதாகச் செய்து விற்கின்றனர். அதனை வாங்கிப் பழைய எஞ்சினைப் பொருத்தினால் வண்டி பழையதா, புதியதா? இதனை நண்பரிடம் கேட்டேன். "எதை மாற்றினோம் என்று எழுதி வைத்துவிட்டால் அது மெய், மறைத்தால் பொய். அவ்வளவுதான்" என்றார் அவர். தத்துவஞானிகள் முடிக்காத வழக்கைப் பட்டறை முடித்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. வண்டியின் அடையாளம் அதன் இரும்பில் மட்டும் இல்லை. மறைக்கப்படாத அதன் வரலாற்றிலும் இருக்கிறது. அன்று முதல், செக்ரோல் எழுதும் கவனத்தோடு, மாற்றிய ஒவ்வோர் உறுப்பையும் ஒரு நோட்டில் பதிந்து வந்தேன். அந்நோட்டில் பெரியதொரு விடுபாடு இருந்ததை நான் பின்னரே அறிந்தேன்.

வேலை முடிந்த ஞாயிறன்று, பிரிக்பீல்ட்ஸிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகக் கிள்ளானைக் கடந்து காப்பாருக்கு வண்டியை ஓட்டிச் சென்றேன். தாத்தாவுக்குக் காட்டி மகிழ்விக்க வேண்டும் என்பது என் எண்ணம். எண்பது வயதைக் கடந்த அவர் வாசலில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். தெருமுனையில் வண்டியின் ஓசை கேட்டதுமே எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலை தாழ்த்தி நின்றார். ஓட்டி வந்தவன் பேரன் என்று கண்ட பின்னும் உடனே உட்கார அவரால் இயலவில்லை. "பழக்கம், தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மூன்றாண்டு உழைத்து நான் புதுப்பித்தது வண்டியையா, அந்தப் பழக்கத்தையா என்று திகைத்து நின்றேன்.

நிற்க. இதனை ஒரு முதியவரின் தனிப்பழக்கம் என்று தள்ளிவிடலாகாது. 1941-ஆம் ஆண்டில் இதே கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் அதில் முன்னின்றவர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகிய கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது. துரைமாருக்கும் ஆசிய உத்தியோகஸ்தருக்கும் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை வேண்டும் என்பதே அது. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், துருப்புகள் வந்தன, உயிர்கள் பலியாயின.

சைக்கிளில் அமர்ந்து செல்வதும் ஓர் உரிமையா என்று இன்றைய இளைஞர் வியப்பர். வயிற்றுக்குக் கூலி கேட்ட அதே மூச்சில் முதுகெலும்புக்கு நிமிர்வும் கேட்டவர் நம் முன்னோர். அக்கோரிக்கையில் துரையோடு சேர்த்துச் சுட்டப்பட்ட ஆசிய உத்தியோகஸ்தருள் கிராணியும் ஒருவர் என்பதை நான் மறைப்பதற்கில்லை. அவர் அமர்ந்த நாற்காலியில்தான் இன்று நான் அமர்கிறேன். 1957-இல் நாடு விடுதலை பெற்றது. அதற்கு எட்டாண்டுகள் கழித்துச் செய்யப்பட்ட வண்டியின் ஓசைக்கும் என் தாத்தா எழுந்து பழகியிருக்கிறார். சட்டம் கையொப்பமிட்ட அன்றே முழங்கால் விடுதலை பெற்றுவிடுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

அப்படியாயின் இவ்வண்டியை என்ன செய்வது? இச்செய்தியைக் கேட்டவருள் ஒரு சாரார், "அடிமைக் காலத்துச் சின்னத்தை ஏன் வைத்திருக்கிறாய்? இரும்புக் கடைக்கு அனுப்பிவிடு" என்றனர். மற்றொரு சாரார், "அவையெல்லாம் பழங்கதை. வண்டியின் அழகைப் பார், ஓட்டி மகிழ்" என்றனர்.

முதற்சாராரின் சினம் நேர்மையானது, முடிவு பிழையானது. இரும்பு எவரையும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. அதனை அபிங்டனில் பொருத்தியவரும் வாரக்கூலி வாங்கிய தொழிலாளரே. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் மோட்டார் பெருகியபோது உலகுக்கு ரப்பர் அளித்த நாடுகளில் மலாயா முதன்மை பெற்றது. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் ஓடிப் பால் வெட்டியவர் கையின்றி எத்துரையின் வண்டி உருண்டிருக்கும்? வண்டியில் அமர்ந்தது அவர். வண்டியைத் தாங்கியது நம்மவர் உழைப்பு. நம் உழைப்பும் கலந்த பொருளை நாமே குப்பையில் எறிந்தால், நம் வரலாற்றுக்குச் சாட்சி கூறும் ஒன்றை நாமே ஊமையாக்கியவராவோம்.

இரண்டாம் சாராரின் கூற்றே எனக்கு அதிக அச்சம் தருகிறது. உளுத்த சில்லின்மேல் புதுத் தகட்டைப் போர்த்திய அந்தப் பட்டறைக்காரரின் வேலை அது. துரை காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, அழகாக இருந்தது என்று பெருமூச்செறியும் பேச்சை நகரத்து விருந்துகளில் நான் கேட்டிருக்கிறேன். அவ்வழகுக்குக் கீழே பாரம் தாங்கியவரைக் காணாத கண் அது. கண்டும் பட்டி பூசுவதாயின் அது வஞ்சகம்.

ஆகவே பேணுதல் வேறு, வணங்குதல் வேறு. வணங்குபவன் குறை காண அஞ்சுவான். பேணுபவன் குறையைத் தேடிச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பான். வணங்குபவன் உரிமையாளனின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவான். பேணுபவன் செய்தவன் கையைப் போற்றுவான். ஒரு பழம்பொருளின் முழுக்கதையையும் தலைநிமிர்ந்து சொல்ல முடியுமானால் அதனைக் காப்பது அறிவுடைமை. கதையின் பாதியை மறைத்தால்தான் அது அழகாக இருக்கும் என்றால், அங்கே அடிமைத்தனம் இன்னும் உயிரோடிருக்கிறது. கோயிலாயினும், வழக்கமாயினும், வண்டியாயினும் இந்த அளவுகோல் ஒன்றே.

இம்முடிவுக்கு வந்தபின் என் நோட்டின் முதற்பக்கத்தை எழுதினேன். இவ்வண்டி எந்த ஆண்டு, எங்கே செய்யப்பட்டது, எப்படிப்பட்டவர் ஓட்டினார் என்பதோடு, இதன் ஓசைக்கு எழுந்து நின்றவர் யார் என்பதையும் எழுதினேன். மறுமுறை காப்பாருக்குச் சென்றபோது அதனைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து வண்டியருகே வந்து குனிந்து, கதவடியைத் தடவிப் பார்த்து, "இதை யார் பற்றவைத்தது?" என்று கேட்டார். நம் பிரிக்பீல்ட்ஸ் நண்பர் என்றேன். "நல்ல கை" என்றார்.

புதுப்பித்தவனைப் புகழும் உலகம் பராமரிப்பவனை எண்ணுவதில்லை. ஆனால் கார்புரேட்டரின் மேற்குழலில் எண்ணெய் குறையாமல் பார்த்து, முன்சக்கரம் திரும்பும் முளைகளுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் ஏற்றாவிட்டால், மூன்றாண்டு வேலை சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும். மனிதனின் நிமிர்வும் அத்தகையதே. 1941-இல் ஒருமுறை கேட்டுப் பெற்று முடிந்த பொருளன்று அது. அலுவலகத்தில், கடையில், வீட்டு வாசலில் நாள்தோறும் பேண வேண்டியது. என் அலுவலக மேசைக்கு முன் வருபவரை முதலில் உட்காரச் சொல்வதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். சிறிய காரியந்தான், ஒரு துளி எண்ணெய் போன்றது.

அன்பர்களே, பழைய வண்டிக்கு ஓர் உறுப்பு வேண்டுமென்று கடல் கடந்து கடிதம் எழுதுகிறோம். அடுத்த வீட்டுத் திண்ணையில் இருக்கும் பழைய தொழிலாளியிடம் அவர் கதையைக் கேட்டு எழுதி வைத்தோமா? அவரும் நெடுங்காலம் இருக்கமாட்டார். அவருக்கு மாற்று உறுப்பு எந்நாட்டிலும் விற்பதில்லை.

என் தாத்தா இன்றுவரை அவ்வண்டியில் ஏறவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஆயினும் சென்ற மாதம் நான் சென்றபோது, தெருமுனையில் ஓசை கேட்டும் அவர் எழவில்லை. நாற்காலியில் அமர்ந்தபடியே கையை உயர்த்தி, "வா" என்றார். அவ்வண்டியின் சீரமைப்பு அன்றுதான் நிறைவுற்றதென நோட்டில் தேதியிட்டு எழுதினேன்.