சட்டம் தந்த உரிமையும் நமது அமானத்தும்

 

ஜும்ஆ நாளில் தஞ்சோங் பகார்க் கடைக்காரர்களாகிய நாம் கதவைப் பூட்டிவிட்டுத் தெலுக் ஆயர் வீதிக் குச்சுப் பள்ளிக்குப் போய்த் தொழுது வருகிறோம். ஏன் போனாய் என்று கேட்பார் எவருமில்லை. தினமும் அனுபவிக்கும் நிஃமத்தைத்தான் மனிதன் முதலில் மறக்கிறான். ஆகவே இந்த உரிமை எதன்மேல் நிற்கிறது என்று சற்றே சிந்திப்போம்.

1965 ஆகஸ்ட் 9-ல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் பார்லிமெண்டு நிறைவேற்றிய சுதந்திரச் சட்டம், மலேசிய அரசியல் சட்டத்திலிருந்த மத சுதந்திரத்தை இங்கேயும் நிலைநிறுத்தியது. இன்று அது நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 15-வது விதி. எவரும் தம் மதத்தைத் தழுவலாம், அனுஷ்டிக்கலாம், பிரசாரம் செய்யலாம். பிற மதத்திற்கென்று விதிக்கும் வரியைக் கொடுக்கும்படி எவரையும் கட்டாயப்படுத்தலாகாது. ஒவ்வொரு மதத்தாரும் தம் மதக் காரியங்களைத் தாமே நிர்வகிக்கலாம். தர்ம ஸ்தாபனங்களும் சொத்தும் வைத்துக்கொள்ளலாம். பொது ஒழுங்கு, சுகாதாரம், ஒழுக்கம் ஆகியவற்றுக்கு மாறான செயலுக்கு மட்டும் அதில் இடமில்லை. சிறுபான்மை இனத்தார், மதத்தார் நலனை இடையறாது பேணும் பொறுப்பை 152-வது விதி அரசாங்கத்தின் மீது வைத்திருக்கிறது. 2020 குடிக்கணக்கில் 15 வயதும் அதற்கு மேலுமான வாசிகளில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 15.6 பேர். எண்ணிக்கையில் குறைந்தவர்களுக்கு இத்தகைய சட்டம் எத்தனை பெரிய அரண்!

ஆனால் சகோதரர்களே, லைசென்ஸைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டால் வியாபாரம் நடந்துவிடுமா? கணக்கு நேராக இருக்க வேண்டாமா? பழைய சரித்திரத்தைப் பாருங்கள். முன்னோர் பள்ளிகளுக்கென்று வக்பு வைத்துப் போனார்கள். பின்வந்த சில நிர்வாகங்களில் சீர்கேடு புகுந்தது. அதனால் 1905-ல் முகமதிய, இந்து தர்ம சொத்துச் சட்டம் பிறந்தது. நிர்வாகம் கெட்ட தர்மங்களைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும் அதிகாரம் சர்க்கார் நியமித்த போர்டுக்குக் கிடைத்தது. தொழுகையைத் தடுத்தவர் எவருமில்லை. அமானத்தைக் காக்கத் தவறியதால் வீட்டுச் சாவி பிறர் கைக்குப் போயிற்று.

1966-ல் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் நிறைவேறி, 1968-ல் இஸ்லாமிய சமய மன்றம் அமைந்தது. பள்ளிகளையும் வக்புகளையும் மேற்பார்க்கும் பொறுப்பு அதனிடம் வந்தது. வந்த சாவியைப் பத்திரமாக வைத்திருப்பது நம் கடமை.

இன்னொரு கடமையும் உண்டு. 15-வது விதி முஸ்லிமுக்கென்று தனியே எழுதப்பட்டதன்று. அதே தெலுக் ஆயர் வீதியில் தியன் ஹொக் கெங் சீனக் கோயில் இருக்கிறது. அங்கே கும்பிடுகிறவருக்கும் அதே விதிதான் காவல். இது நமக்குப் புதிதா? மதீனாவில் நாயகம் (ஸல்) அவர்கள் செய்த உடன்படிக்கையில், யூதர்கள் தங்கள் மார்க்கத்தில் இருந்துகொள்ள இடம் தரப்பட்டது. கலீபா உமர் (ரலி) அவர்கள் பைத்துல் முகத்தஸ் சென்றபோது, மாதா கோயிலுக்குள் தொழ அழைக்கப்பட்டும் மறுத்துவிட்டார்களென்று சரித்திரக்காரர்கள் கூறுவர். தாம் தொழுத இடமென்று சொல்லிப் பிற்காலத்து முஸ்லிம்கள் அதைப் பறித்துவிடக் கூடாதே என்ற கவலைதான் காரணமாம். வென்றவருக்கு அத்தனை கவலை இருந்ததென்றால், அண்டை வீட்டாராய் வாழும் நமக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

ஆகவே, பள்ளிக்குச் சந்தா கொடுத்ததோடு நில்லாமல், ஆண்டுக் கணக்கையும் வாங்கிப் பாருங்கள். நிர்வாகத்தில் இருப்போர் கேளாமலே காட்டுங்கள். ஜும்ஆவுக்கு வரும்போது நம் வண்டி அயலார் வாசலை மறைக்காதிருக்கட்டும். கோயில் ஊதுவத்திப் புகை நம் பக்கம் வந்தால் முகம் சுளிக்க வேண்டாம். நம் பாங்கோசையை அவர்களும் கேட்டுக்கொண்டுதானே வாழ்ந்து வந்திருக்கிறார்கள்.

கிடைத்த நிஃமத்துக்கு நன்றி செலுத்தி, அமானத்தைக் காப்பவர்களாக வல்ல நாயன் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.