கிள்ளிய கீரையும் கொல்லா நோன்பும்

இல்லறத்தார் வீட்டில் தோட்டம் இடலாமா என்னும் வினா நம்மவரிடையே அவ்வப்போது எழுகின்றது. மண்ணைக் கொத்தினால் புழு மடியும், செடியும் ஓரறிவுயிரே, ஆதலால் காய்கறியைக் கடையில் வாங்கிக்கொள்வதே வினை குறைந்த வழி என்பர் சிலர். இக்கருத்தைச் சிறு குழந்தைகளின் உணவோடு சேர்த்து எண்ணிப் பார்த்தல் நம் கடமையாகும்.

முதலில் ஓர் எளிய கணக்கைப் போடுவோம். உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 6 முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தையின் உணவை 8 வகையாகப் பகுத்துள்ளன. தாய்ப்பால், தானியமும் கிழங்கும், பருப்பும் கொட்டையும், பாற்பொருள்கள், புலால், முட்டை, வைட்டமின் ஏ மிகுந்த கீரை காய் கனிகள், பிற காய்கனிகள் என்பன அவை. ஒரு நாளில் இவற்றுள் 5 வகையேனும் குழந்தைக்குக் கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த அளவு. நம் இல்லங்களில் புலாலும் முட்டையும் நீங்க, எஞ்சுவன 6. குழந்தை பால்குடி மறந்தபின் எஞ்சுவன 5 மட்டுமே. அவற்றுள் ஒன்று தவறினாலும் அன்றைய அளவு நிரம்பாது. அந்த ஐந்தில் இரண்டு, தோட்டம் தருபவை.

2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 100க்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். சேலம், நாமக்கல் வட்டாரம் மரவள்ளிக்கும் ஜவ்வரிசிக்கும் பேர்பெற்றது. ஜவ்வரிசிக் கஞ்சி வயிற்றை நிரப்பும். ஆயினும் அது பெரும்பாலும் மாவுச்சத்தே. வயிறு நிரம்பிய குழந்தை ஊட்டம் பெற்ற குழந்தை ஆகிவிடாது.

இதனால் நம் நோன்பு குழந்தைக்குக் கேடு என்று கொள்ளல் வேண்டா. நோன்பை ஏற்றவர் பெரியவர். குழந்தை எந்த நோன்பையும் ஏற்கவில்லை. எனவே நோன்பினால் குறைவதை வேறு வகையால் ஈடுசெய்யும் பொறுப்பும் பெரியவரையே சாரும். கேரட்டை விலக்கும் வீட்டில் முருங்கைக்கீரையும் பரங்கிப்பழமும் பப்பாளியும் இடம்பெற வேண்டும். விலக்குவதை மட்டும் கற்பித்து, ஈடுசெய்வதை மறப்பது பாதி அறமே.

இனி, ஊறு பற்றிய வினா. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில்கள் என்பது நம் நெறி. கடையில் வாங்கும் கத்தரிக்காய்க்காகவும் எங்கோ ஒருவர் மண்ணைக் கொத்தினார், மருந்து தெளித்தார். நம் கண்ணில் படாமையால் நமக்கு அதில் பங்கில்லை என்று ஆகிவிடுமா? துறவியர்க்கு முழு விலக்கு உண்டு. இல்லறத்தார்க்கோ, கருதிச் செய்யும் கொலையே முற்றும் விலக்கப்பட்டது. அடுக்களையிலும் தொழிலிலும் தவிர்க்க இயலாது நேரும் ஊறு குறைக்கத்தக்கதாகச் சொல்லப்பட்டது. சொந்தத் தோட்டத்தில் அந்தக் குறைப்பு நம் கையிலேயே இருக்கின்றது.

இலேசியைகளை விளக்க நம் பெரியோர் கூறும் நாவல்மரக் கதையை யாவரும் அறிவோம். பசித்த அறுவருள் ஒருவன் மரத்தையே வெட்ட எண்ணினான். மற்றவர் படிப்படியாகக் குறைத்து எண்ணினர். இறுதியானவன் உதிர்ந்த கனியே போதும் என்றான். பசி அறுவர்க்கும் ஒன்றே; எண்ணம் மட்டுமே வேறு. அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளினால் அது மீண்டும் தழைக்கும். முருங்கையில் கம்பளிப்பூச்சி மொய்த்தால் தீப்பந்தம் காட்டுவது ஊர்வழக்கம். நாம் அதைச் செய்யாது, மொய்த்த கிளையை மட்டும் தறித்து அப்பால் இடலாம். அதிலும் ஊறு உண்டு. எனினும் கருதிக் கொளுத்துவதற்கும் அதற்கும் வேறுபாடு பெரிது.

ஃபேர்லேண்ட்ஸ் போன்ற நகர்ப்பகுதியில் இடம் ஏது என்பார்க்கு, மொட்டைமாடித் தொட்டிகளில் கீரையும் தக்காளியும் வளரும். அரிசி களைந்த நீரும் அவற்றுக்கு உதவும். அவரைக்கொடிக்கு ஒரு கைப்பிடிச்சுவரே போதும்.

தோட்டம் மட்டும் போதாது என்பதையும் கூறவேண்டும். வங்கதேசத்தில் ஹெலன் கெல்லர் இன்டர்நேஷனல் நிறுவனம் 1990களில் பரப்பிய வீட்டுத்தோட்டத் திட்டம், விதையோடு ஊட்டவுணவுக் கல்வியையும் தாய்மார்க்கு அளித்தது. விளைந்தது குழந்தையின் வாய்க்குச் சென்றால்தானே பயன்? கீரையை நன்கு வேகவைத்து மசித்து, பருப்பும் சிறிது நெய்யும் சேர்த்து ஊட்டினால் வைட்டமின் ஏ உடலில் சேரும். சில துளி எலுமிச்சைச்சாறு இரும்புச்சத்து சேரத் துணைபுரியும்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற பாடம். உண்ணும் பழக்கத்துக்கும் அது பொருந்தும். தான் நீர் வார்த்த செடியின் காயைக் குழந்தை அந்நியமாகக் கருதாது. கிள்ளும்போது செடி வாடாமல் கிள்ளக் கற்கும் விரல், அகிம்சையின் முதல் எழுத்தைச் சொல்லாமலே கற்றுக்கொள்கிறது. உயிர்களிடத்து அருளும் மழலையிடத்து அன்பும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல; ஒரே தொட்டியில் இரண்டையும் வளர்க்கலாம்.

நல்லறம் தழைக்க!