விளையாட்டில் கொடுத்த வாக்கு

“விளையாட்டுக்குச் சொன்னேன்” என்பது நம் மக்கள் வழக்கில் நெடுங்காலமாக இருந்துவரும் தொடர். சொன்ன சொல்லிலிருந்து விலகிக்கொள்ள விரும்புவோர் நாடும் எளிய வாயில் அது. விளையாட்டாகச் சொன்னது என்று நிறுவிவிட்டால் அச்சொல் யாரையும் கட்டாது. நம்பியவர் ஏமாந்தால் பிழை நம்பியவருடையதேயன்றிச் சொன்னவருடையது அன்று. இவ்வழக்கின் அடியில் ஓர் அறக்கொள்கை மறைந்து கிடக்கிறது. மெய்யான வாழ்வில் தருவதே வாக்கு, விளையாட்டில் தருவது வெற்றொலி என்பதே அக்கொள்கை. அது சரிதானா என்பதை யாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது ஆறிப்போன ஓர் உணவுத் தட்டு. எம் தமக்கையாரின் பேரன் கல்லூரி மாணவர். படிப்பின் பொருட்டு எம் இல்லத்தில் தங்கியிருப்பவர். ஓரிரவு உண்ண அழைத்தும் அவர் கணிப்பொறியை விட்டு எழவில்லை. காரணம் வினவினோம். “கொஞ்சம் பொறுங்கள் தாத்தா. எங்கள் நண்பர்களின் வட்டாரத்தைப் பறிக்க ஒரு கூட்டம் வந்திருக்கிறது. உதவுவதாக உடன்படிக்கை செய்திருக்கிறோம்” என்றார். “விளையாட்டில்தானே?” என்று நகைத்தோம். “விளையாட்டில்தான். ஆனால் உடன்படிக்கை செய்தது நாங்கள் அல்லவா?” என்றார் அவர். அவ்விடைக்கு மறுமொழி கூற எம்மால் இயலவில்லை.

நாடாளும் விளையாட்டு

அவ்விளைஞர் ஆடியது ‘நேஷன்ஸ்டேட்ஸ்’ என்னும் இணைய விளையாட்டு. ஆஸ்திரேலிய நாவலாசிரியர் மாக்ஸ் பாரி, 2003-இல் வெளிவந்த தம் ‘ஜெனிஃபர் கவர்ன்மென்ட்’ என்னும் நாவலை மக்களிடம் அறிமுகப்படுத்தும் நோக்குடன் 2002 நவம்பரில் இதனைத் தொடங்கினார். ஆடுவோர் ஒவ்வொருவரும் கற்பனை நாடு ஒன்றைப் படைத்துக்கொள்கின்றனர். அந்நாட்டுக்கு அவ்வப்போது சிக்கல்கள் வருகின்றன. ஆள்பவர் எடுக்கும் முடிவுக்கேற்பக் குடியுரிமையும் பொருளாதாரமும் அரசியல் விடுதலையும் உயர்கின்றன அல்லது தாழ்கின்றன.

நாடுகள் பல கூடியது வட்டாரம். விளையாட்டுக்குள் உலகப் பேரவை ஒன்றும் உண்டு. முதலில் ஐக்கிய நாடுகள் அவையின் பெயரையே அது தாங்கியிருந்தது, மெய்யான ஐ.நா. எதிர்ப்புத் தெரிவிக்கவே 2008-இல் பெயர் மாற்றப்பட்டது. ஒருவர் எத்தனை நாடுகளைப் படைத்தாலும் பேரவையில் அவருடைய நாடு ஒன்றுக்கே இடம். ஒரு வட்டாரத்தில் உள்ள பேரவை உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று ஆதரவு அளிக்கலாம். மிகுதியான ஆதரவு பெற்ற நாடே அவ்வட்டாரத்தின் பேராளர்.

இவ்விளையாட்டில் படையில்லை, போரும் இல்லை. எனினும் பகை புகுவதற்கு வழி இருக்கிறது. நாளுக்கு இருமுறை விளையாட்டின் கணக்குகள் புதுப்பிக்கப்படுகின்றன. அதற்குச் சற்று முன்னர் வெளியார் கூட்டமாக ஒரு வட்டாரத்தில் குடியேறித் தம்முள் ஒருவருக்கே ஆதரவளித்தால், புதுப்பிக்கும் வேளையில் அவர் பேராளராகிவிடுவார். பின்னர், உரிய அதிகாரம் அவர் கையில் இருக்குமாயின், பழங்குடிகளை வெளியேற்றவும் பல ஆண்டுகள் பேணிய வட்டாரத்தை வெறுமையாக்கவும் அவரால் இயலும். விளையாட்டின் விதிகள் இதனைத் தடுப்பதில்லை. ஆகவே இதனையே தொழிலாகக் கொண்ட கூட்டங்களும் தோன்றின. அவற்றினின்று பிறரைக் காப்பதைக் கடமையாகக் கொண்ட கூட்டங்களும் தோன்றின. வட்டாரங்கள் தமக்குள் நட்புடன்படிக்கை செய்துகொள்ளும் தேவை இவ்வாறு பிறந்ததுதான்.

வாளில்லாத உடன்படிக்கை

இங்கு நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. வட்டாரங்கள் ஒன்றிடம் ஒன்று தூதரகம் அமைத்துக்கொள்ள விளையாட்டில் இடமிருக்கிறது. உடன்படிக்கை என்ற ஒன்றை விளையாட்டு அறியவே அறியாது. அதனை எழுதுவோரும், மன்றத்தில் வைத்து வாக்கெடுப்போரும், காப்போரும் ஆடுவோரே. மீறியவரை நிறுத்தி வினவ ஒரு முறைமன்றம் இல்லை. தண்டிக்க ஒரு வேந்தனும் இல்லை.

ஆங்கில நாட்டுத் தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் 1651-இல் வெளியிட்ட ‘லெவயதன்’ நூலில், மீறுவோரை ஒறுக்கும் பொது ஆற்றல் இல்லாதவிடத்து ஒப்பந்தங்களை நம்பி வாழ இயலாது என்று வாதிட்டார். அச்சமே சொல்லைக் காக்கும் வேலி என்பது அவர் கருத்து. அவ்வாறாயின் இவ்விளையாட்டில் எவ்வுடன்படிக்கையும் ஒருநாள்கூட நிலைத்திருத்தல் ஆகாது. சில முறிந்தன என்பது மெய்யே. ஆயினும் ஆண்டுக்கணக்கில் காக்கப்பட்டனவும் உள்ளன. ஏன்?

நற்பெயர் கெட்டுவிடும் என்னும் அச்சமே காரணம் என்று சிலர் விடை கூறலாம். அது பாதி விடையே. இவ்வுலகில் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. பெயர் கெட்டவர் தம் நாட்டைக் கைவிட்டுப் புதுப்பெயருடன் மறுநாளே வந்து சேரலாம். பழிக்கு அஞ்சுவோருக்கு இத்துணை எளிதாகத் தப்பும் வழி மெய்யுலகில் இல்லை. ஆகவே, பழைய பெயரையே தாங்கி நிற்க விரும்புவோரை மட்டுமே நற்பெயர் கட்டுகிறது. ‘நேற்று வாக்களித்தவனும் இன்று கண்விழித்தவனும் ஒருவனே’ என்று ஏற்கும் உள்ளம் முதலில் வேண்டும். அது இருப்பவருக்கு வேலி வேண்டுவதில்லை. அது இல்லாதவரை வேலி நெடுநாள் தடுத்து நிறுத்துவதும் இல்லை. வாக்கைக் காப்பது அச்சமன்று, தாம் யார் என்பது பற்றி ஒருவர் செய்துகொண்ட முடிவு. மெய்யுலகில் சட்டமும் ஊரார் கண்ணும் உறவும் சூழ்ந்து நின்று இவ்வுண்மையை மறைக்கின்றன. விளையாட்டு அவற்றையெல்லாம் விலக்கி, வாக்கை அதன் இயல்பான உருவில் காட்டிவிடுகிறது.

நட்பை எழுதலாமா?

இங்கு ஒரு தடை எழும். நட்பு உள்ளத்தைச் சார்ந்தது. அதனைப் பிரிவு பிரிவாக எழுதிக் கையொப்பமிடுவது வணிகமாகாதா? கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஓலையில் எதனையும் ஒப்புக்கொண்டதும் இல்லை. ஆயினும் வடக்கிருந்த சோழன் தன் நண்பருக்கு இடம் ஒதுக்கச் சொன்னான்; பாண்டி நாட்டுப் புலவர் வந்து சேர்ந்தார். முகமறியா நட்புக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

வேண்டா. ஆயினும் அது இரு மனிதருக்கு இடையிலான நட்பு. சமூகத்துக்கு அத்தகைய ஒற்றை நெஞ்சம் கிடையாது. அதன் நினைவு பலர் நாவில் சிதறிக் கிடப்பது. ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியார். ஆகவே சமூகத்தின் நினைவுக்குத் தாள் வேண்டியிருக்கிறது. வள்ளுவரும் ‘நட்பு’ என்ற அதிகாரத்தோடு நின்றுவிடவில்லை. நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என மேலும் நான்கு அதிகாரங்களை வைத்தார். ஆராயாமல் கொள்ளும் நட்பு தீது என்பதும், கொண்டபின் நண்பரின் பிழை பொறுத்தல் வேண்டும் என்பதும் அவ்வரிசையே உணர்த்தும் முறை. உடன்படிக்கைப் பேச்சு என்பது நட்பாராய்தலின் ஒரு வடிவமே அன்றோ?

அப்பேச்சு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை எம் பேரன் வழியாக அறிந்தோம். இரு வட்டாரங்களும் ஒன்று மற்றொன்றன் முறையான அரசை ஏற்றல், ஒன்றையொன்று தாக்காமை, மற்றவர் மன்றத்தில் ஒற்றரை வையாமை, தீங்கு வருவதறிந்தால் உரைத்தல், விலக விரும்பின் முன்னறிவிப்புத் தருதல் ஆகியன வழக்கமான பிரிவுகள். படையே இல்லாத உலகில் ‘தாக்குதல்’ எனப்படுவது யாது என்று வரையறுக்கவே பல நாள் செல்லும். எல்லாவற்றிலும் கடுமையான பூசல் ஒரு சிறு சொல்லைப் பற்றியது. ஆபத்தில் ‘உதவுவோம்’ என்பதா, ‘இயன்றவரை உதவுவோம்’ என்பதா?

உதவி எளிதன்று. நண்பரின் வட்டாரத்தில் ஆதரவளிக்க வேண்டுமாயின் பேரவை உறுப்பான தம் நாட்டையே அங்குப் பெயர்த்துச் செல்ல வேண்டும். அங்ஙனம் பெயர்ந்தால் சொந்த வட்டாரத்தில் ஈட்டிய ஆதரவு உடன் வாராது. ‘இயன்றவரை’ என்பது இழப்புக்கு அஞ்சுவோரின் அடைக்கலம். அது நேர்மையான அடக்கமாகவும் இருக்கலாம்; முறிப்பதற்கென்றே முன்கூட்டித் திறந்துவைத்த கதவாகவும் இருக்கலாம். எது என்பதைத் தாள் சொல்லாது. எழுதியவர் நெஞ்சமே அறியும்.

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட், நிலையான அமைதி குறித்து 1795-இல் எழுதிய நூலில், எதிர்காலப் போருக்கான காரணத்தை உள்ளத்தில் ஒளித்து வைத்துக்கொண்டு செய்யும் அமைதி ஒப்பந்தம் ஒப்பந்தமே ஆகாது என்பதை முதல் விதியாக வைத்தார். 1939 ஆகஸ்ட் 23-இல் ஜெர்மனியும் சோவியத் ஒன்றியமும் ஒன்றையொன்று தாக்குவதில்லை என்று ஒப்பமிட்டன. போலந்தைத் தமக்குள் பங்கிடும் மறைவான இணைப்பும் அதனுடன் இருந்தது. 1941 ஜூன் 22-இல் ஜெர்மானியப் படை சோவியத் எல்லையைக் கடந்தது. பத்தாண்டுக்கென எழுதப்பட்ட சொல் ஈராண்டும் நிற்கவில்லை. தாளில் குறையில்லை, தாளை எழுதிய உள்ளங்களில் இருந்தது குறை.

ஒப்பமிட்டோர் சென்ற பின்

வாக்குக் கொடுத்தவர் நீங்கிய பின் அவ்வாக்கு யாரைக் கட்டும்? விளையாட்டில் இக்கேள்வி விரைவில் வந்துவிடுகிறது. 28 நாள் எட்டிப்பாராதவர் நாடு பொதுவாக இல்லாமற்போகும். தேர்வு வரும், வேலை கிடைக்கும், ஆர்வம் குன்றும். உடன்படிக்கையைப் பேசி முடித்தவர்கள் அகல்வர். பின்வந்தோர் கையில் தாள் மட்டும் எஞ்சும். “நாங்கள் எழுதவில்லையே” என்று அவர்கள் சொன்னால் அதில் பொய்யில்லை.

மெய்யுலகும் இதனைக் கண்டதே. 1971 ஆகஸ்ட் 9-இல் இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் நட்புடன்படிக்கை செய்தன. 1991-இல் அவ்வொன்றியமே மறைந்தது. 1993-இல் இந்தியாவும் ரஷ்யாவும் புதிதாக ஓர் உடன்படிக்கையை எழுதிக்கொண்டன. பூட்டானோடு 1949-இல் செய்த உடன்படிக்கையில், வெளியுறவில் இந்தியாவின் அறிவுரைப்படி நடக்க அந்நாடு இசைந்திருந்தது. 2007-இல் அவ்விதியை நீக்கி, ஒப்புரிமை தோன்றத் திருத்தி எழுதினர். பின்வந்தோர் முன்னோரின் சொல்லைக் கண்மூடிச் சுமக்கவும் இல்லை. தூக்கி எறியவும் இல்லை. எடுத்துப் படித்தனர், ஏற்பதை ஏற்று, மாற்றுவதை மற்றவரோடு அமர்ந்து மாற்றினர். மரபாக வந்த வாக்கைத் தம் வாக்காக்கிக்கொள்ளும் வழி இதுவே என்பது எம் துணிபு. விலகுவதாயினும் முன்னரே சொல்லி விலகுதல் நட்பின் பகுதியே. சொல்லாமல் விலகுதலே துரோகம்.

எம் பக்கத்துப் பிழை

இத்துணையும் எழுதிய பின் எம் பிழையொன்றைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. பல ஆண்டுகளுக்கு முன் இந்நகரில் ஒரு தமிழ் அமைப்பின் செயலாளர் பொறுப்பில் யாம் இருந்தோம். மற்றொரு தமிழ் அமைப்பும் இங்கு இருந்தது. இரண்டும் பொங்கல் விழாவை ஒரே நாளில் வைப்பதில்லை என்று முன்னிருந்த பெரியவர்கள் பேசி வைத்திருந்தனர், எழுத்தில் ஏதுமில்லை. ஓராண்டு எமக்கு அரங்கம் கிடைத்த நாள் அவர்கள் அறிவித்திருந்த நாளாகவே அமைந்தது. “எழுதிய ஒப்பந்தம் எங்கே?” என்று குழுவில் வாதிட்டு அந்நாளையே உறுதி செய்தோம். எம் அரங்கு நிரம்பியது. அவர்கள் அரங்கில் பாதி இருக்கைகள் காலியாக இருந்தன.

சில நாள் கழித்து அவ்வமைப்பின் தலைவர் எம்மைக் கடைத்தெருவில் கண்டார். சினந்துகொள்ளவில்லை. “ஒரு சொல் சொல்லியிருக்கலாமே, ஐயா” என்றார், அவ்வளவே. யாம் விளையாட்டில் இல்லை. மெய்யான நகரில், மெய்யான மனிதரோடு இருந்தோம். ஆயினும் எம் பேரன் முகமறியா மாந்தருக்குக் காட்டிய மதிப்பை, பல்லாண்டு பழகிய நண்பருக்கு யாம் காட்டவில்லை.

அப்பெரியவர் இன்று இல்லை. இவ்வாண்டு அவர் இடத்தில் இருப்போரைச் சென்று கண்டோம். விழா நாள்களை முன்கூட்டிப் பகிர்ந்துகொள்ளவும், ஒருவர் நாளில் மற்றவர் விழா வையாதிருக்கவும் ஒருபக்க அளவில் உடன்பாடொன்று எழுத இசைந்தனர். முதற்படியை யாமே எழுதிப் பேரனிடம் காட்டினோம். முன்னறிவிப்பின்றி விலகலாகாது என்னும் வரியொன்றை அவர் சேர்த்தார். பின்னர், யாம் ஓரிடத்தில் எழுதியிருந்த ‘இயன்றவரை’ என்னும் சொல்லின்மேல் எழுதுகோலை வைத்து, “இது வேண்டுமா, தாத்தா?” என்று வினவினார்.

வேண்டா என்றோம். அச்சொல்லை அடித்த பின்னரே தாளில் எம் பெயரை எழுதினோம்.